கேட்டு வாங்கிப் பிழைத்த கோழி

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. மரியாதைக்காக அல்ல. எழுதினால் எப்படியாவது அவள் காதுக்குப் போய்விடும். "என் பேர எழுதிருக்கியே, அதுக்கு என்ன தாரே?" என்று ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்து நிற்பாள். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸாகப் பார்த்துத்தான் ஏறுவாள். வந்தால் வெறுங்கையோடு திரும்புகிற பழக்கமும் கிடையாது. அதனால் அக்கா என்றே வைத்துக்கொள்வோம். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். அவளைவிட வயதில் மூத்த எதிர்வீட்டு டிரில் வாத்தியார்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார். தங்கச்சி என்றால் சீர் கேட்பாளோ என்று அவருக்குப் பயம்.

ராஜபாளையத்தில் அப்போது நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் மூன்றே வீடுகள். ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும். எதிரே, ஸ்கூலில் விசில் ஊதி ரிட்டயரான டிரில் வாத்தியார், தனிக்கட்டை. குழாயடியை ஒட்டின ஒற்றை அறையில் அக்கா. அவள் புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம். மகளை மம்சாபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். நூல் மில்லில் கோனில் நூல் சுற்றுகிற இடத்தில் வேலை. சம்பளம் வந்த கையோடு வாடகை, சீட்டு, மகள் வீட்டுச் சீர் செய்முறை என்று போய்விடும். மிச்ச மாதத்தை அவள் எப்படித் தள்ளினாள் என்று யாரும் ஆராய்ச்சி பண்ண வேண்டியதில்லை. எங்கள் இரண்டு வீட்டு அஞ்சறைப் பெட்டியையும் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

கேட்பதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. வாசலில் நின்று கேட்க மாட்டாள். நேரே அடுப்படிக்கு வருவாள். கொதிக்கிற குழம்பைக் குனிந்து மோந்து பார்ப்பாள். "புளி தூக்கலா இருக்கே" என்று முதலில் ஒரு குறை. அதற்கப்புறம்தான், "ஏட்டி, செத்த கடுகு குடு. பொறவு தாரேன்." குறை சொல்லிவிட்டுக் கேட்டால் இரவல் மாதிரி இருக்காது, அதிகாரம் மாதிரி இருக்கும். நானும் புளியைக் கூடப் போட்ட குற்றவாளியாகக் கடுகு டப்பாவைத் திறப்பேன். அந்தப் 'பொறவு' மட்டும் எந்தக் காலண்டரிலும் வந்ததில்லை.

என் வீட்டுக்காரர் பேண்டேஜ் துணி கம்பெனியில் சூப்பர்வைசர். எங்கள் ஊர்ப்பக்கம் தறிகளில் புண்ணுக்குக் கட்டுகிற துணி நிறைய ஓடும். நெசவில் பிசகின துண்டுகளை அவர் எப்போதாவது வீட்டுக்குக் கொண்டுவருவார். அது எங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் அக்கா கைக்குப் போய்விடும். அவள் ஜன்னல் திரை பேண்டேஜ் துணி, பால் வடிகட்டுவது பேண்டேஜ் துணி, கொசுவலை பேண்டேஜ் துணி, சில்லறை முடிந்து வைப்பதும் அதேதான். அவள் வீட்டுக்குள் நுழைந்தால் யாருக்கோ பெரிய ஆபரேஷன் ஆன வீடு மாதிரி இருக்கும்.

ராஜபாளையம் என்றால் நாய்க்குத்தான் பேர். நாய் வளர்த்தால் சோறு போட வேண்டும் என்பதால் அக்கா கோழி வளர்த்தாள். செவலை நிறத்து நாட்டுக்கோழி, செவத்தி என்று கூப்பிடுவாள். வளர்த்தாள் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். காலையில் கூட்டைத் திறந்துவிடுவாள், அத்தோடு அவள் செலவு முடிந்தது. செவத்தி நேரே என் வீட்டுக்கு வந்து நான் புடைக்கிற அரிசியைப் பொறுக்கும். அங்கிருந்து வாத்தியார் வீட்டுக்குப் போய் அவர் இட்லியில் பங்கு வாங்கும். வயிறு நிறைந்ததும் அக்காவின் கூட்டுக்குத் திரும்பி முட்டை போடும். எங்கள் அரிசியைத் தின்று போட்ட முட்டையை அக்கா எங்களுக்கே விற்பாள், அதுவும் கடை விலைக்கு மேலே. ஒரு நாள் நான் பொறுக்க மாட்டாமல், "அக்கா, எங்க வீட்டு அரிசிதான இது?" என்று கேட்டுவிட்டேன். "அரிசிய நீ முட்டையாக்கிக் காட்டு பாப்போம்" என்றாள். காசை எடுத்துக் கொடுத்தேன்.

இப்படி இருந்தபோதுதான் ஒரு காலையில் அக்கா என் அடுப்படிக்கு வந்தாள். அடுப்பில் குழம்பு கொதித்தது. அவள் மோந்து பார்க்கவில்லை. அதிலேயே எனக்குப் பகீரென்றது.

"ஏட்டி, செவத்தி..." என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போய்ப் பார்த்தேன். கோழி மூலையில் கண்ணைச் செருகிக்கொண்டு நின்றது. நெஞ்சுக்கு மேலே தீனிப்பை பந்தாக வீங்கியிருந்தது. அலகோரத்தில் வெள்ளையாக ஒரு நூல் தொங்கியது. பேண்டேஜ் நூல். எந்தத் துண்டிலிருந்து பிரிந்ததோ, புழு என்று நினைத்து விழுங்கியிருக்கிறது. விழுங்க விழுங்க நூல் வந்துகொண்டே இருந்திருக்கும் போல. இலவசமாகக் கிடைக்கிறது என்றால் எங்கே நிறுத்துவது என்று கோழிக்கும் தெரியவில்லை. யாரிடம் வளர்ந்த கோழி!

"வீட்டுக்குள்ள எங்கூட மூச்சு விடுதது அது ஒண்ணுதான்ட்டி" என்று அக்கா அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் அக்கா அல்லவா, கண்ணைத் துடைத்த கையோடு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்க கொண்டாந்த துணிதான? இப்ப என்ன செய்யப் போறீக?" என்றாள். அவர் பாவம், பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அவருக்குக் கம்பெனி வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டியிருந்தது. ஆகவே கோழிக்கு நல்ல டாக்டர் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறார் என்று அக்கா முடிவு பண்ணிவிட்டாள். ராஜபாளையத்திலேயே கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று அவர் சொல்லிப் பார்த்தார். "அங்க போக ஆட்டோ வைக்கணும்லா" என்றாள். வயர்கூடையில் கோழி, மடியில் கூடை, ஸ்கூட்டரின் பின்னால் அக்கா. கோழி பயத்தில் வழியெல்லாம் அவர் சட்டையின் முதுகில் கழிந்துகொண்டே போயிருக்கிறது.

டாக்டர் நல்ல மனிதர். தீனிப்பையைக் கொஞ்சமாகக் கீறி, சுருள் சுருளாக நூலை வெளியே எடுத்து, தைத்துவிட்டார். "பொழைக்கிறது ஒங்க கவனிப்புலதான் இருக்கு" என்று சொல்லி, சூடான இடத்தில் வைக்க வேண்டும், இளக்கமான தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும், மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும் என்று பாடம் நடத்தி அனுப்பினார். அரசாங்க ஆஸ்பத்திரி, காசு கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அக்கா திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பால்கோவா கடையில் ருசி பார்க்கக் கொடுப்பதை வாங்கித் தின்றாளாம். "இனிப்பு பத்தல" என்று அடுத்த கடை. "இது தெகட்டுது" என்று அதற்கடுத்த கடை. தையல் போட்ட கோழி கூடையில் கிடக்க, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர் அன்றைக்குப் பட்ட வெட்கத்தை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

அதன்பின் நடந்ததுதான் வைத்தியம். டாக்டர் சூடு வேண்டும் என்றார் அல்லவா, வாத்தியார் பரணிலிருந்து பழைய குண்டு பல்பு இறங்கியது. எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து ஒயர் போனது. இளக்கமான தீனிக்கு என் வீட்டுத் தயிர், என் வீட்டுக் குழைந்த சோறு. புண்ணில் தடவ என் மஞ்சள், அது மட்டமான மஞ்சள் என்ற குறையோடு. மருந்து ஊற்றச் சொட்டுக்குழாய் வேண்டுமென்று வாத்தியாரின் கண் மருந்துக் குப்பியிலிருந்து கழற்றிக்கொண்டு போய்விட்டாள்.

"அக்கா, என் கண்ணுக்கு நான் என்ன செய்ய?" என்று அவர் பின்னாலேயே வந்தார்.

"ஒங்களுக்கு ரெண்டு கண்ணு இருக்குல்லா சார். இதுக்கு ஒரு தொண்டதான் இருக்கு. செத்த பொறுங்க, பொறவு தாரேன்."

உச்சம் எது தெரியுமா? அவித்த மஞ்சள் கரு கொடுத்தால் தெம்பு வரும் என்று யாரோ மில்லில் சொல்லியிருக்கிறார்கள். முந்தின வாரம் எனக்கு விற்ற முட்டையை இரவலாகக் கேட்டு வந்தாள். நான் காசு கொடுத்து வாங்கின முட்டை! "அது போட்டதுதானட்டி, அதுக்குக் குடுக்க ஒனக்கு வலிக்கா?" என்றாள். கொடுத்தேன். வெள்ளைக்கருவையாவது திருப்பித் தருவாள் என்று பார்த்தேன், அதை அவள் சாப்பிட்டுவிட்டாள்.

இவ்வளவும் சொல்கிறேன், இதையும் சொல்லியாக வேண்டும். மில்லுக்கு அவள் போகவில்லை. போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது, அது எங்களுக்கும் தெரியும். கோழியை மடியில் வைத்துக்கொண்டு, தலையை லேசாகத் தூக்கிப் பிடித்து, ஒரு சொட்டு விட்டு, அது விழுங்குகிற வரை தானும் எச்சில் கூட விழுங்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் செய்கிறேன் என்று கை நீட்டினால் தட்டிவிடுவாள். கேட்டு வாங்காத ஒரே பொருள் அவள் உழைப்புதான், அதில் எங்களை அவள் சேர்க்கவில்லை.

நடுவில் ஒரு நாள் கோழி கழுத்தைப் போட்டுவிட்டது. நாங்களும் அக்காவும் ஒரே சபைதான். அன்றைக்குப் பார்த்து எங்கள் சர்ச் உபதேசியார் வீடு சந்திக்க வந்தார். அக்கா அவரைக் கோழிக்கு ஜெபம் பண்ணச் சொன்னாள். அவர் தயங்கினார். அவள் காத்திருக்கவில்லை. காம்பவுண்டே கேட்கும்படி, "ஆண்டவரே, இது மட்டும் பொழச்சுதுன்னா அறுப்பின் பண்டிகைக்கு ஒம்ம சந்நிதிக்கே கொண்டாந்து விட்டுருதேன்" என்று சொல்லிவிட்டாள். உபதேசியார் ஆமென் என்றார். வாத்தியார் வேறு மதம், அவரும் ஆமென் என்றார்.

கோழி பிழைத்துவிட்டது. முதல் வேலையாக வாத்தியாரின் கால் விரலைக் கொத்தியது. அக்கா சிரித்தாள், அப்புறம்தான் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டது ஞாபகம் வந்து முகம் தொங்கியது.

அறுப்பின் பண்டிகை என்றால் எங்கள் பக்கம் அவரவர் விளைச்சலைச் சர்ச்சுக்குக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து தேங்காயும் நெல்லும் வரும், வாழைத்தார், பூசணி, காலைக் கட்டின கோழி எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம். பணம் சபைக்கு. கொடுத்தவரே தன் பொருளை ஏலத்தில் எடுத்துக்கொள்ளலாம், அதில் குற்றமில்லை. கடவுளுக்கும் போய்ச் சேர்ந்தது, காசு கொடுத்ததால் நமக்கும் வந்து சேர்ந்தது. அக்கா இதைப் பிடித்துக்கொண்டாள். ஏலத்துக்கு முந்தின வாரம் வீடு வீடாகப் போய், "செவத்திய யாரும் கேட்டுராதீக. கொறஞ்ச ரேட்டுக்கு நானே எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லி வைத்தாள். கடவுளிடமும் அடிமாட்டு விலை. எல்லோரும் சரி என்றார்கள்.

ஏலம் விட்டவர் சபைச் செயலாளர். மைக் கையில் கிடைத்துவிட்டால் மனிதருக்குப் பசி தாகம் தெரியாது. செவத்தியைத் தூக்கிக் காட்டி, "ஆண்டவர் தொட்டுச் சுகமாக்கின கோழி!" என்று ஆரம்பித்தார். அக்கா முன்னால் போய் நின்று ஒரு தொகை கேட்டாள், கேட்கவே வெட்கமாயிருக்கும் தொகை. ஒரு தரம், ரெண்டு தரம் என்று செயலாளர் சொல்லி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் கையைத் தூக்கிவிட்டார்!

நாசமாய்ப் போன விளையாட்டு. சட்டை முதுகும் பால்கோவா கடை வெட்கமும் அவர் மனசில் கிடந்திருக்கிறது. கொஞ்சம் ஏற்றிவிட்டுக் கழன்றுகொள்ளலாம் என்று நினைத்தாராம். அக்கா திரும்பி முறைத்துவிட்டுக் கூட்டிக் கேட்டாள். வாழைத்தார் எடுக்க வந்திருந்த வாத்தியார், "என் கண்ணு மருந்துக்கு இது" என்று சொல்லிக்கொண்டு அவரும் ஏற்றினார். கூட்டம் சிரித்தது. நானும் நன்றாகச் சிரித்தேன். அக்கா இடுப்பிலிருந்து அந்தப் பேண்டேஜ் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள், எண்ணினாள், கேட்டாள். என் வீட்டுக்காரர் மறுபடியும் ஏற்றினார்.

அக்கா முடிச்சைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். இப்போது கேட்பாள் என்று நினைத்தேன். பர்ஸை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தேன், சத்தியமாக. "ஏட்டி, செத்த குடு" என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் அங்கேயே கொட்டியிருப்பேன். அவள் வாயைத் திறக்கவில்லை. செயலாளர் மூன்றாம் தரமும் சொல்லிவிட்டார். கோழி எங்களுடையது. அக்கா சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் போய்விட்டாள். சும்மா போடுகிற சாப்பாட்டை விட்டுவிட்டு!

சாயங்காலமே அவர் கோழியோடு அவள் வாசலில் போய் நின்றார். "அக்கா, வெளையாட்டுக்குச் செஞ்சது. ஒங்க கோழி, வச்சுக்கோங்க."

"சும்மா வாங்க மாட்டேன் தம்பி. ஆண்டவருக்குக் குடுத்தத சும்மா திருப்பி வாங்குனா அவர ஏமாத்துனதாயிரும். நீங்க காசு குடுத்து எடுத்தீக, ஒங்களுது."

அக்கா ஒன்றைச் சும்மா வாங்க மாட்டேன் என்று சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டோம். அவர் கோழியோடு திரும்பி வந்தார்.

செவத்திக்கு இந்த வியாக்கியானமெல்லாம் தெரியுமா? சாயங்காலமானால் அது பாட்டுக்கு அக்காவின் கூட்டுக்குப் போகும். அக்கா அதைத் தூக்கிக்கொண்டுவந்து எங்கள் வாசலில் விட்டு, "ஒங்க கோழி" என்று சொல்லிவிட்டுப் போவாள். முட்டையையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். வேறு பேச்சில்லை. கடுகு கேட்கவில்லை, தயிர் கேட்கவில்லை. குழாயடியில் பார்த்தால் குடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வேண்டுமென்றே குழம்பில் புளியை அள்ளிப் போட்டு, மணம் போகட்டும் என்று கதவைத் திறந்து வைத்துப் பார்த்தேன். வரவில்லை. சொட்டுக்குழாய் கழுவித் துடைத்து வாத்தியார் வாசலில் இருந்தது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "திருப்பிக் குடுத்துட்டாங்களே டீச்சரம்மா" என்று என்னிடம் வந்து புலம்பினார். நான் டீச்சர் இல்லை, அவருக்குக் கலங்கிவிட்டால் எல்லோரும் டீச்சர்தான். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. கேட்காமல் இருந்து எங்களை இப்படி வதைக்க இவள் யார்? அந்த வாரம் போல ஒரு வாரம் என் எதிரிக்குக்கூட வரக் கூடாது.

விற்காத பொருளையும், எடுத்தவர்கள் திருப்பிக் கொடுத்த பொருளையும் அடுத்த ஞாயிறு மறுபடி ஏலம் விடுவது வழக்கம். என் வீட்டுக்காரர் விடியுமுன்னே எழுந்து கோழியைக் கொண்டுபோய்ச் செயலாளரிடம் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். நான் பெண்கள் பக்கம் போய் ஒவ்வொருத்தி காதிலும் ஓதினேன், வாயைத் திறந்தால் பார் என்று. வாத்தியாரை ஓரமாக நிற்க வைத்தோம்.

செயலாளர் செவத்தியைத் தூக்கினார். "கேளுங்க, கேளுங்க." சபை மொத்தமும் ஊமையாக நின்றது. அக்கா பின்னால், செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். செயலாளர் தானாகவே ஒரு விலை சொன்னார். யாரும் அசையவில்லை. அக்கா மெல்ல முன்னால் வந்தாள். கோழியின் கழுத்து இறகை விலக்கிப் பார்த்தாள்.

"இதுக்கா இந்த வெல? தொண்டைல தையல் போட்ட கோழில்லா. நோய்ல விழுந்து எந்திரிச்சது. கொறச்சுச் சொல்லுங்க."

ஏலத்தில் விலையைக் குறைத்துக் கேட்ட ஆத்துமாவை எங்கள் சபை அதற்குமுன் பார்த்ததில்லை. செயலாளர் மைக்கைப் பொத்திக்கொண்டு, "இது ஏலம்க்கா, கூட்டித்தான் கேக்கணும்" என்றார்.

"கூட்டுததுக்கு ஆள் இருந்தா கூட்டுங்க. நான் கொறைக்கத்தான் செய்வேன்."

அவர் குறைத்தார். அவள் இன்னும் குறைத்தாள். அவர் மேலே சிலுவையைப் பார்த்துவிட்டு மறுபடி குறைத்தார். வாத்தியார் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குலுங்கினார். கடைசியில் ஒரு பூசணிக்காய் விலைக்கு வந்து நின்றது. மூன்று தரமும் மடமடவென்று சொல்லி அவர் கோழியை அவள் கையில் திணித்தார்.

அக்கா செவத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். இடுப்பில் அந்த முடிச்சு இருந்தது, எனக்குத் தெரிந்தது. அதைத் தொடவே இல்லை. இத்தனை பேருக்கு முன்னால் நேரே என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏட்டி, என்ன பாத்துக்கிட்டு நிக்க? செத்த குடு. பொறவு தாரேன்."

கண்ணை நீர் மறைத்தது. பர்ஸின் ஜிப் கைக்கு அகப்படவில்லை. அதற்குள் என் வீட்டுக்காரரும் வாத்தியாரும் ரூபாயோடு ஓடி வந்துவிட்டார்கள். அவர்களைத் தள்ளிவிட்டு நான்தான் கொடுத்தேன்.